மோர்டனில் அயர்லாந்துக்காரர் ஆன கதை

திங்கட்கிழமை, காலை 9.10. சூரிச்சிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம் பறந்து லண்டன் கற்விக் விமான நிலையத்தில் இறங்கினேன். கைப்பையோடு மட்டும் ஏறினால் ரிக்கற் தொண்ணூற்று நாலு பிராங். பிரித்தானியாவுக்குள் கால் வைக்க இப்போது இணையத்தில் முன்கூட்டியே ஒரு பயண அனுமதி எடுக்கவேண்டும். அதற்குப் பதினாறு பவுண். சொந்த அக்கா வீட்டுக்குப் போகப் பதினாறு பவுண் வாசல்காசா என்று பக்கத்துக் கதிரையில் இருந்த வெள்ளைக்காரரிடம் முறையிட்டேன். அவர், பாவம், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கைப்பைக்குள் மூன்று சட்டை, இரண்டு கிலோ சொக்லேற். போட்டிருந்த சட்டைக்குள்ளே, நெஞ்சோடு ஒட்டியபடி, பிளாஸ்ரிக் உறையில் அப்பாவின் மரணச் சான்றிதழ். அப்பா கடைசிக் காலத்தில் என்னோடு சூரிச்சில் இருந்து அங்கேயே காலமானவர். அந்த மூலப்பத்திரம் என் மேசை லாச்சிக்குள் ஆறு வருடம் சும்மா கிடந்தது. இப்போது அதற்கு வந்த மவுசைப் பாருங்கள், விமானத்தில் பறக்கிறது.

விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பா பிறந்தது டப்ளினில். யாழ்ப்பாணத்து டொக்டரான அவருடைய தகப்பன் மேற்படிப்புக்காக மனைவியோடு அயர்லாந்து போயிருந்த காலம் அது. நாலு மாதக் குழந்தையாக இருக்கும்போதே அப்பாவைத் தூக்கிக்கொண்டு கப்பலேறிவிட்டார்கள். ஆனாலும் தேத்தண்ணிக்குச் சீனி கூடினால் 'எங்கட டப்ளினிலை இப்பிடிக் குடிக்கமாட்டம்' என்பார் மனுசன். எங்கள் வீட்டில் டப்ளின் என்றால் அந்தப் பகிடி மட்டுந்தான்.

லண்டன் மோர்டனில் இருக்கும் என் அக்கா கமலாவின் மகள் யாழினி அதைப் பகிடியாக விடவில்லை. அவள் ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்தாளர். கூட வேலை செய்யும் ஐரிஷ் பெண் ஒருத்தி, 'உன் தாயின் தகப்பன் எங்கள் ஊரில் பிறந்தவரென்றால் நீயும் எங்கள் ஆள்' என்று சொல்லியிருக்கிறாள். அயர்லாந்தில் பிறந்தவரின் பேரப்பிள்ளை, டப்ளினில் இருக்கும் வெளிநாட்டுப் பிறப்புகளின் பதிவேட்டில் பெயரைப் பதித்தால் அன்றிலிருந்து ஐரிஷ் குடியுரிமை. யாழினி இருநூற்று எழுபத்தெட்டு யூரோ கட்டி, பிறப்பு, திருமணப் பத்திரங்கள் எல்லாம் வைத்து விண்ணப்பத்தை அனுப்பி ஏழு மாதமாகிவிட்டது.

அவள் வயிற்றில் இப்போது எட்டு மாதக் குழந்தை. குழந்தை பிறக்குமுன் தாயின் பெயர் பதிவேட்டில் ஏறினால் குழந்தைக்கும் அந்த உரிமை போய்ச் சேரும். ஒரு நாள் பிந்தி ஏறினாலும் தாயோடு நின்றுவிடும். சட்டம் அவ்வளவு கறார். இப்படி இருக்கும்போது வெள்ளிக்கிழமை டப்ளினிலிருந்து கடிதம்: தாத்தாவின் மரணச் சான்றிதழின் போட்டோப்பிரதி செல்லாது, மூலப்பத்திரமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். அக்கா தபாலில் போடச் சொன்னாள். நான் அவசரக்காரன். தபாலாவது மண்ணாங்கட்டியாவது, நானே கொண்டுவாறன் என்று வேலைசெய்யும் சாப்பாட்டுக்கூடத்தில் இரண்டு கிழமை லீவு சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

காலை 10.25. கற்விக்கிலிருந்து ரயிலில் ஈஸ்ற் குறொய்டன், அங்கிருந்து ட்ராம். ட்ராமுக்கு எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரு பவுண் எழுபத்தைந்து சதம். மரங்களுக்குள்ளாலும் வீடுகளின் பின்வளவுகளுக்குள்ளாலும் புகுந்து போகிறது. எதிர்க் கதிரையில் இருந்தவர் என்னை இரண்டு தரம் பார்த்துவிட்டு, ஊரில் எவடம் என்று கேட்டார். அவர் சாவகச்சேரி. நெதர்லாந்தில் பதினாலு வருடம் இருந்து டச்சுக் குடியுரிமை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளின் ஆங்கிலத்துக்காக லண்டன் வந்தவர். இங்கே இப்படி ஐரோப்பாவைச் சுற்றி வந்த தமிழர்கள் நிறையப் பேர்.

அயர்லாந்து என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய தம்பி டப்ளினில் கணினி வேலைக்கு அனுமதி எடுத்துப் போனவராம். ஐந்து வருடம் முறையாக இருந்து, கடைசி ஒரு வருடம் நாட்டைவிட்டு அதிகம் வெளியே போகாமல் கவனமாக நாள் எண்ணி, விண்ணப்பித்துக் குடியுரிமை எடுத்துவிட்டாராம். பெரிய மண்டபத்தில் நூற்றுக்கணக்கான சனம் ஒன்றாக எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்ல, தம்பி கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு அழுதாராம். உங்களுக்கு அயர்லாந்தில் என்ன அலுவல் என்று அவர் கேட்டபோது வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். யாழினி வயிற்றில் குழந்தை என்பதை வெளியே மூச்சுவிடக்கூடாது என்று அக்கா போனிலேயே சத்தியம் வாங்கியிருந்தாள். அப்பாவின் அலுவல் என்று சொல்லி மோர்டன் றோட் தரிப்பில் இறங்கினேன்.

காலை 11.20. தரிப்பிலிருந்து அக்கா வீடு பதினைந்து நிமிட நடை. வரிசை வீடுகளில் நாலாவது. கதவைத் திறந்ததும் மீன் சொதி வாசம் முகத்தில் அடித்தது. அக்கா என்னைப் பார்த்து நல்லாய் மெலிந்துவிட்டாய் என்றாள். தொண்ணூற்றொரு கிலோ நிற்கிறவனைப் பார்த்து! யாழினி கதிரையிலிருந்து எழும்ப இரண்டு முயற்சி எடுத்தாள். வாய்நிறையச் சிரிப்பு.

ஆனால் வீட்டில் குழந்தை வரப்போவதற்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை. தொட்டில் இல்லை, துணி இல்லை. முன் ஜன்னல் திரை பகலிலும் இழுத்து மூடிக் கிடந்தது. யாழினி ஏன் வருவதில்லை என்று விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் கேட்பவர்களுக்கு, முதுகு நோ என்று சொல்லிவைத்திருக்கிறாளாம் அக்கா. ஐந்து மாதமாக ஒரே முதுகு நோ. நான் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினேன். மூன்று வருடத்துக்கு முன் யாழினி முதல்முறை முழுகாமல் இருந்தபோது, மூன்றாம் மாதத்திலேயே அக்கா கோயிலில் எல்லாருக்கும் லட்டுக் கொடுத்துச் சொன்னாள். இரண்டு கிழமையில் அந்தக் குழந்தை போய்விட்டது. நாவூறு என்று அக்கா நம்புகிறாள். நம்பாதே என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாப்பிட்டுக்கொண்டே யாழினி தன் கணக்கைச் சொன்னாள். அவளுடைய புருசன் பிரதீபன் அப்போது வேலையில். அவனுடைய சகோதரங்கள் முழுப்பேரும் பாரிசில். நான் சூரிச்சில். பிரித்தானியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு ஐரோப்பாவில் ஆறு மாதத்துக்குள் தொண்ணூறு நாள்தான் தங்கலாம், ஐரிஷ் கடவுச்சீட்டு என்றால் நாள் கணக்கில்லை. "மாமா, என்ர பிள்ளை சொந்தக்காரர் இருக்கிற இடத்துக்கு விருந்தாளி மாதிரி நாள் எண்ணிப் போகக்கூடாது," என்றாள். கல்யாணத்தோடு பிரான்சுக்கே போய்விட இருந்தவர்களை அந்தத் தொண்ணூறு நாள்தான் மறித்து வைத்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை, காலை 9.35. அக்காவும் நானும் இல்ஃபோர்ட் புறப்பட்டோம். மரணச் சான்றிதழ் ஜெர்மன் மொழியில் இருக்கிறதே. அதை மொழிபெயர்த்து உறுதிப்படுத்தித் தரும் தமிழ்ப் பெண் ஒருவர் அங்கே இருக்கிறார் என்று யாழினி இணையத்தில் பிடித்து வைத்திருந்தாள். மோர்டன் நிலத்தடி ரயிலின் தென்கோடி. இல்ஃபோர்ட் வடகிழக்கில், நேர்கோட்டில் இருபத்தைந்து கிலோமீற்றர். மோர்டனில் ஏறினால் இருக்க இடம் நிச்சயம், ஏனென்றால் வண்டி அங்கிருந்துதான் புறப்படுகிறது. மூர்கேற்றில் இறங்கி, நகரும் படிகளில் கீழே கீழே போய் எலிசபெத் லைன் பிடித்தோம். என்ன ரயில் அது! அகலமான பெட்டி, சத்தமில்லை, வழுக்கிக்கொண்டு போகிறது. சுவிஸ்காரன் நான், ரயில் விசயத்தில் யாரையும் லேசில் மெச்சமாட்டேன், இதை மெச்சினேன். வீட்டு வாசலிலிருந்து இல்ஃபோர்ட் வரை ஒரு மணி பத்து நிமிடம்.

மொழிபெயர்ப்பாளரின் பெயர் மாலதி. டோர்ட்மண்டில் வளர்ந்து, பிறகு லண்டன் வந்தவர். என்னைவிடப் பத்து வயது இளமை. போன் கடை ஒன்றின் மாடியில் ஒரு மேசை, ஒரு கணினி, சுவர் முழுக்கக் கோப்புகள். மொழிபெயர்ப்போடு குடியுரிமை விண்ணப்பங்களும் நிரப்பிக் கொடுக்கிறவர். பத்திரத்தைப் பார்த்தார், பக்கத்துக்கு நாற்பத்தைந்து பவுண், வியாழக்கிழமை தருகிறேன் என்றார். இன்றைக்கே வேண்டும் என்றேன். ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டார்.

அக்கா என்னை முந்திக்கொண்டாள். ஒன்றுமில்லை, சும்மாதான், கெதியாய் முடிந்தால் நல்லதுதானே என்றாள். மாலதி தலையாட்டிவிட்டு நாட்குறிப்பில் வியாழக்கிழமை என்று எழுதப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை. சத்தியத்தைக் காற்றில் விட்டேன்.

"மருமகளுக்கு எட்டு மாசம். இன்னும் அஞ்சு கிழமையிலை பிள்ளை," என்றேன்.

அக்கா பார்த்த பார்வையில் நான் ஏழு வயதுப் பொடியன் ஆகிவிட்டேன். மாலதி பேனையைக் கீழே வைத்தார்.

"டப்ளினுக்கு இது தெரியுமோ?"

"அவைக்கு ஏன் தெரியவேணும்? அது எங்கட வீட்டு விசயம்," என்றாள் அக்கா.

மாலதி கதிரையை அக்கா பக்கம் திருப்பினார். பிறகு மெதுவாக விளக்கினார். விண்ணப்பங்கள் வந்த ஒழுங்கில்தான் பார்க்கப்படும். ஒன்பது மாதமாவது எடுக்கும். ஆனால் விண்ணப்பதாரி குழந்தையை எதிர்பார்க்கிறாள் என்று அறிவித்து, பேறு பார்க்கும் மருத்துவமாதுவின் கடிதத்தையும் காட்டினால், அந்தக் கோப்பை வரிசையிலிருந்து எடுத்து முன்னுக்குப் பார்ப்பதற்கு வழி இருக்கிறது. பிறக்கப்போகும் பிள்ளைக்காகவே வைத்த வழி அது. ஒரு வரி எழுதியிருந்தால் இரண்டு மாதத்துக்கு முன்பே எல்லாம் முடிந்திருக்கலாம். எத்தனையோ வெள்ளைக்காரப் பெண்கள் அவரிடம் வருகிறார்களாம். கரு தங்கிய கிழமையே ஊரெல்லாம் சொல்லிவிட்டு வருகிறவர்கள். இந்த வழியைத் தவறவிட்டு வருவது எங்கடை சனம் மட்டும்தானாம்.

அக்காவின் முகம் வெளுத்துப்போயிற்று. கைப்பையின் வாரைப் பிடித்தபடி, லட்டுக் கொடுத்த கதையை மாலதிக்குச் சொன்னாள். அறிமுகமாகி அரை மணி நேரம் ஆகாத ஒருத்தியிடம்! "திரும்பவும் என்ர வாயாலை ஒண்டும் நடக்கக்கூடாது எண்டுதான்," என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. எனக்கு அவள்மேல் வந்திருந்த கோபம் அந்த இடத்திலேயே செத்தது.

மாலதி எழும்பித் தண்ணீர் கொடுத்தார். "அக்கா, டப்ளினிலை இருக்கிற அந்த உத்தியோகத்தருக்கு மோர்டனிலை ஒருத்தரையும் தெரியாது. அவ ஆருக்கு அக்கா சொல்லப்போறா?" என்றார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். அது உண்மைதான் என்று பட்டிருக்கவேண்டும். அங்கேயே யாழினிக்குப் போன் போட்டு, மருத்துவமாதுவிடம் கடிதம் கேள் என்று கட்டளையிட்டாள்.

மாலதி வியாழக்கிழமையை வெட்டிவிட்டுக் கணினியை இழுத்தார். தட்டச்சுச் செய்தபடியே அயர்லாந்துக்காரராகும் வழிகளை எல்லாம் எங்களுக்கு அவிழ்த்துவிட்டார். ஐரிஷ்காரரைக் கல்யாணம் செய்தவர், கல்யாணமாகி மூன்று வருடமும் அந்தத் தீவில் குடியிருந்து மூன்று வருடமும் ஆனால் கேட்கலாமாம். பெல்ஃபாஸ்ற் ஆனாலும் தீவுதான், அங்கே இருந்த காலமும் கணக்கில் வரும். இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு பிறக்குமுன் அந்தத் தீவில் பிறந்த பிள்ளைக்கு, பெற்றோர் யாராக இருந்தாலும், உரிமை பிறப்போடு உண்டு. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரின் குடியுரிமையையும் குடியிருப்பையும் பார்ப்பார்கள். பெல்ஃபாஸ்ற் ஆஸ்பத்திரியில் அந்தக் காலத்தில் பிறந்து, இப்போது ஹாரோவில் இருக்கும் ஒரு தமிழ்ப் பொடியனுக்குத் தான் ஐரிஷ்காரன் என்பதே போன வருடம் இவர் சொல்லித்தான் தெரியுமாம். நான் வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நீங்கள் என்ன பாஸ்போட், அண்ணை?" என்று கேட்டார் திடீரென்று.

"சுவிஸ்."

"அப்ப ஐரிஷ் ஏன் எடுக்கேல்லை?"

எனக்கும் பதிவேட்டில் பதியலாமா என்று கேட்டேன். மாலதி சிரித்தார். பேரப்பிள்ளைக்குத்தான் பதிவேடு. அயர்லாந்தில் பிறந்தவரின் சொந்தப் பிள்ளை எங்கே பிறந்தாலும் பிறந்த அன்றே ஐரிஷ் குடிமகன்; பதியத் தேவையில்லை, நேரே கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். "நீங்கள் ஆகத் தேவையில்லை, அண்ணை. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியிலை பிறக்கேக்கையே ஐரிஷ்காரன்தான். இவவும் அப்பிடித்தான்," என்று அக்காவையும் காட்டினார். கடவுச்சீட்டைக் கையில் எடுத்திருந்தால் லண்டன் வர அந்தப் பதினாறு பவுணும் கட்டியிருக்கத் தேவையில்லையாம்.

பகல் 12.50. திரும்பும் ரயிலில் நானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். மொழிபெயர்ப்பு முத்திரையோடு என் மடியில். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. தொண்ணூற்றொன்றாம் ஆண்டு மொஸ்கோவிலிருந்து தக்காளிப் பெட்டி ஏற்றிய லொறிக்குள் பதினொரு பேரோடு ஒளித்து வந்தவன் நான். செக் நாட்டு எல்லைக் காட்டுக்குள் முழங்கால் பனியில் நடந்தேன். சுவிசில் அகதி என்று நிரூபிக்க எட்டு வருடம் எடுத்தது. மூன்று தரம் நிராகரித்தார்கள். அம்மா செத்தபோது ஊருக்குப் போக என்னிடம் பயணப் பத்திரம் இருக்கவில்லை. அந்த நேரமெல்லாம் நான் ஐரோப்பியக் குடிமகன். டப்ளினில் ஒரு பிறப்புச் சான்றிதழ் கேட்டிருந்தால், முன்வாசலால் கோட்டுப் போட்டுக்கொண்டு நடந்து வந்திருப்பேன்.

சிரித்துக்கொண்டே இருந்தவன் எப்போது அழத் தொடங்கினேனோ தெரியாது. அக்கா என் முதுகைத் தடவினாள். எதிரே இருந்த பெண் எனக்குக் கண் துடைக்க ரிசுத்தாள் நீட்டினாள். லண்டன் ரயிலில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்று சொல்கிறவர்கள் எலிசபெத் லைனில் அழுது பார்க்கவேண்டும்.

இன்னொன்றும் உறைத்தது. சூரிச்சில் இருக்கும் என் மகள் துளசி, அப்பாவின் பேர்த்தி, அவள் பதியலாம். அவளுடைய மகன் அகரனுக்கு இரண்டு வயது. அவன் பிறக்குமுன் அவள் பதிந்திருக்கவேண்டும். மாலதியின் மாடிப் படியிறங்கும்போது அவரிடம் அதைக் கேட்டிருந்தேன். பேரனுக்கு இந்த வழியில் ஏலாது, அண்ணை, என்றார். அப்பாவின் பகிடியைக் கேட்டுச் சிரித்ததோடு விட்டவன் நான். நட்டம் என் பேரனுக்கு. ரயிலில் இருந்தபடியே துளசிக்கு, நீயாவது உடனே பதி என்று நீளமாகச் செய்தி அனுப்பினேன். 'ஓகே அப்பா, பாப்பம்' என்று பதில் வந்தது. இந்தப் பாப்பம் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் ஒரு வருடம் என்று பொருள்.

புதன்கிழமை, காலை 11 மணி. மருத்துவமாதுவின் கடிதம் கைக்கு வந்தது: குழந்தை எதிர்பார்க்கும் திகதி, கையெழுத்து, முத்திரை. யாழினி டப்ளினுக்கு மின்னஞ்சல் எழுத, அக்கா பின்னால் நின்று ஒவ்வொரு சொல்லையும் வாசித்தாள். அனுப்பும் பொத்தானை யாழினி அமத்தியதும் அக்கா சாமியறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிற்பகல் இரண்டு மணிக்கு மூலப்பத்திரமும் மொழிபெயர்ப்பும் கூரியரில் போயின, இருபத்தெட்டு பவுண். கடை வாசலில் நின்று வான் போகும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. எனக்குக் காத்திருக்கத் தெரியாது. வியாழன் மத்தியானம் பொதி டப்ளினில் கொடுபட்டுவிட்டது என்று போனில் காட்டியது. வெள்ளி டப்ளினிலிருந்து ஒரு வரிப் பதில்: கடிதம் கிடைத்தது, கோப்பு பார்வையில் இருக்கிறது. அந்த ஒரு வரியை நாங்கள் நாலு பேரும் எத்தனை தரம் வாசித்தோம் என்று கேட்காதீர்கள். பிரதீபன் அதைப் பிரதி எடுத்துக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டினான்.

சனிக்கிழமை, காலை 10.15. வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்கு அக்காவோடு போனேன். மோர்டனிலிருந்து பஸ்ஸில் போய்க் கொஞ்சம் நடை. பழைய கட்டடத்துக்குள் பிள்ளையார் குளிர் படாமல் சௌகரியமாக இருக்கிறார். மகளின் முதுகு எப்படி என்று அக்காவிடம் மூன்று பேர் கேட்டார்கள். குறைகிறது என்றாள், முகத்தில் ஓர் அசைவுமில்லாமல். பூசை முடியுமுன் பிரதீபனிடமிருந்து போன். யாழினிக்கு வயிற்றுக்குத்து, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.

டக்சி பிடித்தோம். எவ்வளவு கொடுத்தேன் என்று நினைவில்லை, இந்தப் பயணத்தில் நான் விலை குறிக்காத ஒரே செலவு அதுதான். அக்கா வழியெல்லாம் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் சொல்லிவிட்டோமே, சொன்னதால்தானோ என்று அவள் மனம் ஓடுவது எனக்குக் கேட்டது. எனக்கும் அந்த நேரம் பயம் பிடித்துவிட்டது, பொய் சொல்வானேன். டப்ளினும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பிள்ளை இருந்தால் காணும் என்று பிள்ளையாரிடம் மன்றாடினேன். ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, இது பொய்நோவு, குழந்தை சுகம், வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பினார்கள். யாழினி வெளியே வந்து பசிக்கிறது என்றாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று நாலு பேரும் சிப்ஸ் சாப்பிட்டோம், பெட்டி மூன்று பவுண் ஐம்பது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, காலை 10.20. நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். முன்னறையிலிருந்து யாழினி மாமா என்று கூப்பிட்ட குரலில் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் போனை நீட்டினாள். பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டது. பதிவு இலக்கம், பதிந்த திகதி, நேற்றையது. சான்றிதழ் தபாலில் வருகிறது. நான் வெங்காயக் கையோடு அவளைக் கட்டிப்பிடித்தேன். அக்கா போனை வாங்கி, கண்ணாடியைத் தேடி, மூக்கில் இருப்பதைப் பிறகு கண்டுபிடித்து, திகதியை விரலால் தொட்டு வாசித்தாள். பிறகு நேரே போய் முன் ஜன்னல் திரையை இழுத்துத் திறந்தாள். எதிர்வீட்டு மனுசி கையசைத்தது. யாழினி வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஜன்னலில் நின்று கையைக் காட்டினாள்.

வெள்ளிக்கிழமை, காலை 7.40. பெண் குழந்தை. மூன்றரைக் கிழமை முந்திவிட்டாள், என்னைப்போல் அவசரக்காரி. இரண்டு கிலோ எழுநூறு. மத்தியானம் பார்க்கப் போனபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தாள். பதிவு திங்கள், பிறப்பு வெள்ளி. நாலு நாள். அந்த நாலு நாளை நான் விரலில் எண்ணி எண்ணிப் பார்த்தேன். அக்கா அன்றைக்கே கோயிலுக்கு லட்டுக்குச் சொல்லிவிட்டாள், நூற்றைம்பது.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2.10. மீண்டும் கற்விக். என்னுடைய பிறப்புச் சான்றிதழுக்கும் அப்பாவின் டப்ளின் பிறப்புப் பத்திரத்துக்கும் பிரதி கேட்டு விண்ணப்பித்துவிட்டேன். கடவுச்சீட்டு வரும்போது வரட்டும். சூரிச் சுத்தமான ஊர், நேரத்துக்கு ரயில் வரும், நான் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் முப்பத்து நாலு வருடமாக ஒவ்வொரு பத்திரத்தையும் அங்கே கேட்டுத்தான் வாங்கினேன், வாங்கும்போதெல்லாம் நன்றி சொன்னேன். யாரிடமும் கேட்காமல் எனக்குப் பிறப்போடு கிடைத்த ஒன்று இருந்தது என்று அறிய மோர்டனுக்கு வரவேண்டியிருந்தது. ஐம்பத்தைந்து வயதில் இது ஒரு விசர்ச் சந்தோசம். எனக்குள்ளே சிரித்துக்கொண்டு வாசல் திறக்கும்வரை வரிசையில் நின்றேன்.

போன் அடித்தது. துளசி. குழந்தையின் படம் கண்டேன், வடிவாய் இருக்கிறாள் என்றாள். அகரன் பின்னால் எதையோ போட்டு உடைக்கும் சத்தம் கேட்டது. அவனை அதட்டிவிட்டு, அந்தப் படிவம் எவ்வளவு நாள் எடுக்கும் என்று கேட்டாள்.

"ஒன்பது மாசமாவது எடுக்கும்," என்றேன்.

"ஒன்பது கூடிப்போச்சு, அப்பா. எனக்கு ஏழுதான் கிடக்கு."

வரிசை நகர்ந்தது. நான் நகரவில்லை. பின்னால் நின்றவர் என் தோளைத் தட்டினார்.

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை," என்றாள் துளசி. "மூண்டு மாசம் முடியட்டும் எண்டு அம்மாவுக்குக்கூடச் சொல்லேல்லை."

"அம்மாவுக்குப் பேந்து சொல்லலாம்," என்றேன். "முதல் டப்ளினுக்குச் சொல்லு."